‘லாம்’ பிடிக்காத செயலாளர்

டீ ஆறிக்கொண்டிருக்கிறது. செயலாளர் சிவப்புப் பென்சிலால் ‘லாம்’களை வட்டமிட்டுக்கொண்டிருக்கிறார். கொடுக்கலாம், பரிசீலிக்கலாம், நியமிக்கலாம். சட்ட முன்வரைவு எத்தனை பக்கமானாலும் முதல் வாசிப்பில் வேறு எதையும் பார்க்க மாட்டார். பேன் பார்ப்பவரைப் போல் கண்ணை இடுக்கி, ஒவ்வொன்றாகப் பிடிப்பார்.

மனைவி மேசையை இரண்டு தட்டுத் தட்டுகிறார். அவர் நிமிர்ந்ததும், குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைக்கிறார். “டீ குடிக்கலாமே.”

“குடிக்கணும்னு சொல்லு, குடிக்கிறேன்.”

இருவரும் ஒரே மில்லில் வேலை பார்த்தவர்கள். நானூறு தறிகள் ஓடும் கொட்டகையில் காதுக்கு வேலை கிடையாது. எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேசுவார்கள். பதினேழு வயதில் உள்ளே போன செயலாளருக்கு நாற்பதுக்குள் இரண்டு காதும் போயின. உதடு படிக்கும் கண் மட்டும் மிச்சம்.

சட்டமன்றத்தில் நாலு முறை உறுப்பினர், இரண்டரை வருடம் தொழிலாளர் துறை அமைச்சர். ஆனாலும் இருபத்தாறு வயதில் தொழிற்சங்கத்தில் கிடைத்த ‘செயலாளர்’ தான் நிலைத்தது. அமைச்சர் காரையே மில் வாசலில் தட்டி, “செயலாளரே, கொஞ்சம் எறங்குங்க” என்பார்கள். இறங்குவார். அதிகாரிகள் வந்தால், “ஜன்னல் பக்கம் முதுகு காட்டாதீங்க, மூஞ்சி வெளிச்சத்துல இருக்கட்டும்” என்று இடம் மாற்றி உட்கார வைப்பார். உதடு தெரிவதற்காகத்தான். அவர்கள் அதை மிரட்டல் என்று நினைத்து வியர்த்துப்போவார்கள். அவரும் அந்த எண்ணத்தைக் கலைத்ததில்லை.

‘லாம்’ மேல் இந்தப் பகை அவர் கையெழுத்திட்ட முதல் ஒப்பந்தத்தில் பிறந்தது. ‘காயமடைந்தவருக்கு மாற்று வேலை தரலாம்’ என்று இருந்ததை வெற்றி என்று நம்பி, வாசலில் நின்று உரக்கப் படித்துக் காட்டினார். பத்தாம் நாள் ஒருவருக்குத் தறியில் மூன்று விரல் போயிற்று. மானேஜர் தாளை நீட்டினார்: “தரலாம்னுதானே இருக்கு? நாங்க தரல.” அந்த மனிதர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தவரும் செயலாளர்தான். அன்று மூன்று வேளையும் அவர் சாப்பிடவில்லை என்பது மனைவிக்குத் தெரியும்.

அவர் பெயரில் கட்டடம் கிடையாது, தெருகூடக் கிடையாது. ஐந்து சட்டங்களில் பதினேழு இடத்தில், ‘லாம்’ஐ எடுத்துவிட்டு அவர் போடவைத்த ‘வேண்டும்’ என்ற சொல் இருக்கிறது. அந்தச் சொல்லை நம்பி எத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது என்று எண்ணப் புகுந்து, மனைவி பாதியில் விட்டுவிட்டார்.

இப்போது கையில் இருப்பது கடைசி முன்வரைவாக இருக்கக்கூடும். ‘செவித்திறன் இழந்த தொழிலாளிக்கு நிறுவனம் சிகிச்சையும் ஓய்வூதியமும் வழங்கலாம்.’ கொண்டுவருவது அவருடைய கட்சியின் அரசாங்கமே. முந்தின நாள் கட்சித் தலைவர் வீடு தேடி வந்திருந்தார்.

“அண்ணே, இந்த ஒரு தடவை கண்டுக்காதீங்க. தேர்தல் வருது. வேட்பாளர் லிஸ்ட் இன்னும் முடிவாகல.”

“என் பேரைப் போடலாம்ங்கறீங்களா, போடுவோம்ங்கறீங்களா?”

தலைவர் செருப்பைத் தேடினார்.

டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் செயலாளர் சட்டமன்றத்துக்குக் கிளம்ப, பல வருடத்துக்குப் பிறகு மனைவியும் கூடப் போனார். பார்வையாளர் மாடத்தில் முதல் வரிசையில் மனைவிக்கு இடம் கிடைத்தது.

ஒரே ஒரு சொல்லை மாற்றச் சொல்லி செயலாளர் எட்டு நிமிடம் பேசினார். நடுவில் இப்போதைய தொழிலாளர் துறை அமைச்சர் பக்கத்து இருக்கைக்காரரிடம் குனிந்து ஏதோ சொன்னார். மாடத்திலிருந்தே மனைவிக்கு அது உதட்டில் தெரிந்தது: “பேசிட்டுப் போகட்டும். அடுத்த தடவை இவரு இங்க இருந்தாத்தானே.”

செயலாளர் தண்ணீர் ஒரு வாய் குடித்தார்.

“அமைச்சர் சொல்றது சரிதான். அடுத்த தடவை நான் இல்லாமப் போகலாம். அந்த ‘லாம்’ இருந்துட்டுப் போகட்டும். இந்த ‘லாம்’ வேண்டாம்.”

அவை சிரித்தது. யார் போட்டுக்கொடுத்தது என்று அமைச்சர் பின்னால் திரும்பிப் பார்த்தார். முப்பத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இந்த ஆளை இன்னும் முழுதாகப் பார்த்து முடிக்கவில்லையோ என்று மனைவிக்குத் தோன்றியது.

வாக்கெடுப்பு. எதிர்க்கட்சியினர் காலையிலேயே வேறொரு விவகாரத்தில் வெளியேறிவிட்டார்கள். திருத்தத்தை ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார் அவைத்தலைவர். செயலாளர் எழுந்தார். இடமும் வலமும் சிரித்தவர்கள் எல்லாம் மேசையைப் பார்த்தார்கள். நிற்பவர் உட்கார்ந்த பிறகே முடிவை அறிவிக்க முடியும் என்பது அந்த அவையின் விதி.

“ஒருவர். எண்ணியாகிவிட்டது. உறுப்பினர் உட்காரலாம்.”

அவர் நின்றார்.

அவைத்தலைவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இந்தத் தடவை சொல்லைத் திருத்திக்கொண்டு, மறுபடி வாயைத் திறந்தார்.

செயலாளர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.