அரங்குப் பூட்டில் குளவி

ஈரமண் மணத்தோடு "ஙொய்ங்" என்று ஒரு ரீங்காரம் அரங்குக் கதவின் சாவித் துவாரத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. ஐம்பதுகளின் தொடக்கத்தில், எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும்போது, நாகர்கோவிலுக்குக் கிழக்கே ஒரு நெல்வயல் ஊரில் பெரியப்பாவும் அப்பாவும் ஒரே வீட்டில்தான் குடியிருந்தார்கள். விதைநெல் கிடந்த ஜன்னலில்லாத இருட்டறைக்கு எங்கள் வீட்டில் "அரங்கு" என்று பேர். அதன் தடித்த கதவோடு சேர்ந்த பழைய பூட்டுக்குள் ஒரு மண்குளவி கூடு கட்டிவிட்டது. சாவி நுழைய வழியில்லை.

மற்ற குளவிகளைத் தொழுவிலோ மல்லிகைப் பந்தலிலோ கண்டால், பெரியப்பா "ஓலைச்சூட்டு" கொளுத்திப் புகைபோட்டு விரட்டிவிடுவார். ஆனால் வீட்டுக்குள் மண்குளவி கூடு கட்டினால் அங்கே குழந்தை பிறக்கும் என்பது ஊர் நம்பிக்கை. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளையில்லாத பெரியம்மை, அரங்குக் கதவின் முன்னால் பாய் விரித்துக் காவலுக்கு உட்கார்ந்துவிட்டாள்.

வைகாசியில் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கால்வாய்க்கு வந்தது. முதல் போகமான கன்னிப்பூ சாகுபடிக்கு ஊரே நெல்லை ஊறப்போட, எங்கள் விதைநெல் மட்டும் குளவியின் பொறுப்பில் கிடந்தது.

"எட்டி, தண்ணி வந்தாச்சு. நான் விதைக்காண்டாமா?" என்று கெஞ்சினார் பெரியப்பா.

"நெல்லு இந்தப் பூவு தப்பினா அடுத்த பூவுல விதைக்கலாம். எனக்கு இது தப்பினா பொறவு எந்தப் பூவு?" என்றாள் பெரியம்மை.

பெரியப்பா ஏணியை எடுத்துக்கொண்டு கூரைக்கு ஏறினார்.

ஓட்டைப் பிரித்துக் கயிற்றைப் பிடித்து அவர் இறங்க, பாதியில் கயிறு அறுந்தது. நெற்குவியலின் மேல் விழுந்ததால் அடிபடவில்லை. வேறு கயிற்றில் அவர் கூடை கூடையாக நெல்லைக் கட்டிவிட, அப்பா மேலிருந்து இழுத்தெடுத்தார். நெல்லெல்லாம் வந்து சேர்ந்தது, பெரியப்பாதான் வரமுடியவில்லை. ஏணியை உள்ளே இறக்கினார்கள். அவருடைய கனத்துக்கு அது முறிந்தது.

"பூட்டை உடைங்கடே!" என்று உள்ளேயிருந்து கத்தினார்.

பெரியம்மை கதவில் வாயை வைத்து, தாலாட்டுகிற குரலில் சொன்னாள்: "சத்தம் போடாதிங்கோ. அது பயந்து போயிரப்பிடாது."

மத்தியானச் சோறு தூக்குவாளியில் கூரைவழியே இறங்கியது. கோவில் ஏணி வந்து சேரச் சாயங்காலமாயிற்று. உடம்பெல்லாம் பதரும் தூசுமாக வெளிப்பட்ட பெரியப்பா, வேடிக்கை பார்த்த தெருவை நிமிர்ந்து பாராமல் நேரே குளத்துக்கு நடந்தார்.

குளவிக்குஞ்சுகள் பறந்துபோன சில மாதங்களில், ஒரு காலையில் புறவாசலில் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், எங்கள் அம்மை. ஏற்கெனவே நாலு பெற்றவள், வெட்கத்தில் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. பெரியம்மை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று முழுக்க வீட்டில் யாரும் சத்தமாகத் தும்மக்கூட இல்லை.

மறுநாள் அவளே எழுந்து, நார்த்தங்காய் ஊறுகாயோடு அடுக்களைக்கு வந்தாள். "குளவிக்கு ஆளு மாறிப்போச்சுட்டி. நீ என்ன செய்வ? இதைத் தின்னு" என்றாள். அம்மை அழுதாள், பெரியம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறந்த தம்பி, பால் குடிக்க மட்டும் எங்கள் அம்மையிடம் வந்தான். உறக்கமும் குளிப்பாட்டும் பெரியம்மையிடம்.

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது வரிசையாகக் கடைகள். என் வீட்டு ஜன்னல்களுக்குக் கம்பிவலை உண்டு. பூச்சிமருந்து அடிக்க வருஷந்தோறும் ஆள் வருகிறார். அம்மையும் பெரியம்மையும் போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. நரைத்த தம்பியிடம் இன்றைக்கும் யாராவது அம்மையைப் பற்றிப் பேச்செடுத்தால், "எந்த அம்மை?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேசுவான்.