முகப்பை அறுத்த சத்தம்

புக்கிட் பாத்தோக் பட்டறையில் என் பழைய டர்போ கார் முன்பக்கம் கழற்றப்பட்டு நின்றது. ஞாயிறுதோறும் நான் துடைத்துப் போற்றிய கார். இப்போது மகனுடையது. எஞ்சினுக்குப் போகும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை அவன் அதன் முகப்பில் பொருத்த முயன்றான். பம்பருக்குள் அது அடங்கவில்லை.

"வெட்டாம ஃபிட் ஆகாது லா, அப்பா. வெட்டட்டா?"

மெக்கானிக் ரம்பத்தை ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தார். அந்தக் கீச்சொலியை நான் சிறுவனாக இருந்தபோதே கேட்டிருக்கிறேன்.

சிராங்கூன் சாலைக் கடைவீட்டிலிருந்து கிளமெண்டி அடுக்குமாடிக்கு நாங்கள் குடிபோன நாள் அது. அம்மா கல்யாணச் சீராகக் கொண்டுவந்த தேக்கு அலமாரி, உச்சியில் செதுக்கிய லட்சுமியோடு, மின்தூக்கிக்குள் நுழையவில்லை. படிக்கட்டின் திருப்பத்திலும் சிக்கிக்கொண்டது. புதிய அண்டைவீட்டார் கூடி நின்று பார்த்தனர். தச்சர் ரம்பத்தை எடுத்தார்.

"லட்சுமிய மட்டும் விட்டுடச் சொல்லுங்க" என்றார் அம்மா.

எவர் முன்னும் தவித்து நின்றறியாத அப்பா, "நான் சொல்லித்தான் வெட்டுறாங்க" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. தேக்கின் கசந்த மணம் படியெங்கும் பரவியது. அறுத்தெடுத்த லட்சுமியை அம்மா முந்தானையில் ஏந்தி மேலே ஏறினார். பின்னால் கட்டியிருந்த அப்பாவின் கைகள் நடுங்கியதை, அவருக்குப் பின்னே நின்ற நான் மட்டுமே கண்டேன்.

"அப்பா, வெட்டட்டா?"

காரைச் சுற்றி நின்ற மகனின் நண்பர்கள் அனைவரும் என்னையே பார்த்தனர்.

"வெட்டு. நான்தான் சொல்றேன்ல."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரோரமாக நகர்ந்து நின்றேன்.