வெயிலுக்குப் பழகிய செடி

அந்தச் செடி வெயிலுக்குப் பழகவே இல்லை. ஒரே பகலில் வெந்துபோயிற்று. பழகிவிட்டது என்று என் மகளிடம் பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பித்தான் அவள் திருப்பூர் மில்லிலேயே இருந்துவிட்டாள்.

இதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வர வேண்டும். வரவில்லை. வெகுகாலமாகவே வருவதில்லை. கல்நெஞ்சன் என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்... நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் நாற்றுப் பண்ணை சூப்பர்வைசராக இருந்தவன் நான். தேயிலைக் கன்றுகளை வளர்த்துத் தோட்டத்துக்கு அனுப்புவது என் வேலை. தேயிலை விலை விழுந்த அந்த வருடங்களில் புதுக் கன்று யாருக்கு வேண்டும்? பண்ணையைத்தான் முதலில் மூடினார்கள். ஃபேக்டரி கொஞ்ச காலம் முக்கி முனகி ஓடியது. பிறகு அதுவும் நின்றது. தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்துப் பெண்பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக மில் வேலைக்குக் கீழே இறங்கினார்கள். ஜீப் வந்து கூட்டிக்கொண்டு போகும். என் செல்வியும் போனாள். தாயில்லாப் பிள்ளை. பிளஸ் டூ முடித்திருந்தாள்.

போகும்போது அவள் என்னிடம் ஒப்படைத்தது ஒரே ஒரு மண்தொட்டி. எஸ்டேட் பங்களாத் தோட்டத்தில் குட்டிச் செடி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து அவள் வளர்த்த கள்ளி. முள் கிடையாது. சதைப்பிடிப்பான இலைகள் ரோஜாப்பூப் போல அடுக்கடுக்காய் விரிந்திருக்கும். காலை வெயில் மட்டும் படும்படி ஜன்னலோரத்தில் வைத்திருப்பாள்.

"அப்பா, மத்தியான வெயில்ல மட்டும் வச்சிறாதீங்க. எல வெந்துரும்" என்றாள்.

"நாத்துப் பண்ணக்காரங்கிட்டயே சொல்றியா நீ!" என்று சிரித்தேன்.

சிரித்தேன்... எவ்வளவு கர்வம் பாருங்கள்! கன்றுகளுக்குப் பெரணி இலையால் பந்தல் போட்டு, வேர் பிடித்த பிறகு அந்தத் தழையைக் கொஞ்சங் கொஞ்சமாகப் பிரித்து, மாதக்கணக்கில் வெயிலைப் பழக்கிய கை என்னுடையது. அவசரப்பட்டுத் தழையைப் பிரித்த ஆட்களை நான் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

அந்த வருடம் மழையும் மஞ்சும் விட்டபாடில்லை. வாரக்கணக்கில் சூரியனைக் காணோம். கம்பளியெல்லாம் முடை நாற்றம். ஒருநாள் காலை திடீரென்று வானம் பளிச்சென்று வெளுத்தது. மலையில் அப்படி ஒரு நாள் வந்தால் என்ன நடக்கும் தெரியுமா? வீட்டிலுள்ள எல்லாம் வாசலுக்கு வந்துவிடும். மெத்தை, கம்பளி, புளித்துப்போன துணி, சளி பிடித்த குழந்தை, எழுந்து நடமாட முடியாத கிழவர்... எல்லோரும் எல்லாமும் வெயிலில்! நானும் கம்பளியை எடுத்துப் போட்டேன். கூடவே செடியையும் தூக்கி வந்து வாசற்படியில் வைத்தேன். பாவம், அதுவும் காயட்டுமே என்று.

எங்கள் ஊர் வெயில் ஏமாற்றுக்கார வெயில். காற்று சில்லென்று இருக்கும். உடம்பில் சுடுவதே தெரியாது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்பவனுக்குச் செடி வேகிறது என்று எப்படித் தோன்றும்? தோன்றியிருக்க வேண்டும். மற்ற யாருக்குத் தோன்றாவிட்டாலும் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஃபேக்டரி கேட்டில் ஏதோ பேச்சுவார்த்தை என்றார்கள். போனேன். வழக்கம்போல ஒன்றும் முடிவாகவில்லை. திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. செடியின் மேல் இலைகளில் வெள்ளைத் திட்டுகள். மறுநாள் அவை பழுப்பாயின. அதற்கடுத்த நாள் இலைகள் கொழகொழவென்று தொட்டியிலேயே சரிந்தன.

ஞாயிற்றுக்கிழமை உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். நம்புவீர்களா?

ஞாயிறுகளில் ஹாஸ்டலிலிருந்து பேச விடுவார்கள். லயத்துக்கே ஒரு போன்தான், முக்கு மளிகைக் கடையில். கடைக்காரர் கோயமுத்தூர்க்காரர். வாசலில் நின்று, "ஏனுங்க, உங்க புள்ள போன்ல இருக்குதுங்க! வெரசா வாங்க!" என்று கூப்பிடுவார். அன்றும் கூப்பிட்டார். ஓடினேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அழ ஆரம்பித்தாள்.

"அப்பா, என்னால முடியலப்பா. உள்ள ஒரே அனலு. பஞ்சுத் தூசி நெஞ்ச அடைக்கிது. ராவெல்லாம் இருமுறேன். வந்து கூட்டிட்டுப் போயிருங்கப்பா."

கடையில் அரிசி வாங்க வந்த லயத்துப் பெண்கள் நின்றிருந்தார்கள். பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். கொஞ்ச நாளைக்கு முன்புதான் பாதியில் திரும்பி வந்த ஒரு பெண்ணைப் பற்றி இதே கடைவாசலில் என்னென்னவோ பேசினார்கள். மில்லில் என்ன நடந்ததோ, எவனோடு என்ன பழக்கமோ என்று. நானும் நின்று கேட்டவன்தான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லாதவன்.

வேலையில்லாத வீடு, அவள் சம்பளத்தை எதிர்பார்த்த வயிறு... அதுவும் உண்மைதான். ஆனால் உங்களிடம் எதற்கு மறைக்க? அந்தக் கணத்தில் நான் பயந்தது அந்தப் பெண்களின் வாய்க்குத்தான். பிறகு என் வாய் தானாகப் பேசிற்று.

"ஒஞ்செடி இருக்கில்ல... அத வெயில்ல எடுத்து வச்சேன். மொதல்ல வாடத்தான் செஞ்சிச்சு. இப்ப நல்லாப் பழகிருச்சு. முன்னவிடத் தெளிஞ்சு நிக்கிது. நீயும் கொஞ்ச நாளு பல்லக் கடிச்சிக்கிட்டு இரு சாமி. எல்லாம் பழகிரும்."



"நெசமாவாப்பா? வெள்ளையாப் போகலியா?"

"இல்ல."

"சரிப்பா... அப்ப நானும் இருந்துக்கிறேன்" என்றாள்.

கடைப் பெண்கள் மறுபடி பேசத் தொடங்கினார்கள். நான் வீட்டுக்கு வந்து தொட்டியைத் தேயிலைச் செடிகளுக்குள் கொட்டினேன். கை கழுவினேன். சோறாக்கினேன். அன்று நன்றாகத்தான் தூங்கினேன்.

அதோடு விட்டேனா? பங்களாத் தோட்டக்காரரிடம் அதே சாதியில் இன்னொரு செடி கேட்டு வாங்கினேன். வீட்டின் பின்பக்கம் பெரணி இலையால் அதற்குத் தனியாகப் பந்தல் போட்டேன். காலையில் தழையை விலக்குவேன், வெயில் ஏறுமுன் மூடுவேன். அவ்வளவு பக்குவமாக நான் எந்தக் கன்றையும் பார்த்ததில்லை. அனலில் கிடந்த பிள்ளையைப் பார்க்க ஒரு தடவைகூட பஸ் ஏறத் தோன்றவில்லையே!

பொங்கலுக்கு லீவில் வந்தாள். அவள் வருமுன், வெயில் தாழ்ந்த பிறகு, செடியை வாசற்படிக்கு மாற்றினேன். லயத்து மேட்டில் நின்று நின்று மூச்சு வாங்கி ஏறி வந்தாள். முன்பெல்லாம் அதே மேட்டில் ஓடுவாள். வந்தவுடன் தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"பெரிய ஆளாயிருச்சேப்பா!" என்றாள். பிறகு சொன்னாள்: "ஹாஸ்டல்ல அழுகுற புள்ளைங்கட்ட எல்லாம் இதத்தான் சொல்லுவேன். எங்க வீட்டுச் செடியே பழகிருச்சு, நமக்கென்னன்னு."

யார் அந்தப் பிள்ளைகள்? எத்தனை பேர்? நான் கேட்கவில்லை. டீ போடப் போய்விட்டேன்.

மில்லோடு போட்ட ஒப்பந்தம் முடியும்வரை இருந்தாள். அங்கேயே கல்யாணமும் ஆயிற்று. மாப்பிள்ளை நல்லவர்தான். பஞ்சுத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டது, இனி சரியாகாது என்று டாக்டர் சொன்னதை அவர்தான் எனக்குச் சொன்னார். அவள் என்னிடம் எப்போதும் சளி என்றுதான் சொல்வாள்.

போன மாசியில் வந்தவள் திரும்பும்போது செடியிலிருந்து ஒரு குட்டியைப் பிய்த்து எடுத்துக்கொண்டாள். தடுத்திருக்கலாம். நிழலில் வை என்றாவது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது... சொன்னால் ஏன் என்று கேட்பாளே! பையில் வைத்துக் கட்டி நானே கொடுத்தனுப்பினேன்.

திருப்பூர் மொட்டைமாடியில், சித்திரை வெயிலில், ஒரு மறைப்பும் இல்லாமல் வைத்திருக்கிறாள். பழகிய செடிதானே!

போன வாரம் போன் செய்தாள்.

"அப்பா, அந்தக் குட்டி போயிருச்சுப்பா. எல்லா எலையும் வெந்து போச்சு. நாந்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன் போல. ஒங்க கை மாதிரி எனக்கு வரல."

இப்போது கடை இல்லை, சுற்றி நின்று கேட்கும் பெண்களும் இல்லை. என் வீட்டில், என் கையில் இருந்த போனில், நானும் அவளும் மட்டும். சொல்லியிருக்கலாம்.

"தண்ணி கூடுதலா ஊத்திருப்ப" என்றேன்.

"ஆமாப்பா... அதாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு இருமத் தொடங்கினாள். நிற்கும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன்.