பள்ளிவாசல் வரிசையில் எங்கள் செயலாளர்

எங்கள் வண்ணார்பேட்டைக் குடியிருப்பின் செயலாளர் இன்று காலை வாட்ஸப் குழுவில் ஓர் அறிவிப்பு இட்டிருந்தார்: “நம் பிள்ளைகளைப் பிற மத வழிபாட்டிடங்களுக்குக் கொண்டுபோவது மானக்கேடு.”

என்னைத்தான் சொன்னார். உறக்கத்தில் அலறும் என் பேத்தியை, மருத்துவரிடம் காட்டியும் தீராததால், மாலைத் தொழுகை முடிந்து வருவோர் ஓதி ஊதுவதற்காக நேற்றுப் பள்ளிவாசலுக்குத் தூக்கிப் போயிருந்தேன்.

பதில் ஒன்று எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன். அதில் வசைச்சொல் ஒன்றும் இல்லை. ஆனால் படித்தால் ஆயுளுக்கும் மறக்கமாட்டார்.

மாலையில் பேத்தியோடு மீண்டும் பள்ளிவாசலுக்குப் போனேன். எனக்கு முன்னால், நெற்றி நிறைய விபூதியும் தோளில் பேரனுமாகச் செயலாளர்.

அவரே பேச்சைத் தொடங்கினார்.

“பேத்தி ராத்திரி உறங்குனாளா அண்ணாச்சி?”

“நல்லா உறங்குனா வே.”

“இவன் பாலே குடிக்க மாட்டேங்கான். டாக்டர் ஒண்ணுமில்லங்காரு. அதான்...”

பின்னால் நின்ற, சிலுவைச் சங்கிலி அணிந்த அம்மாள் அதட்டினார்: “பேச்ச விட்டுட்டு பிள்ளை மூஞ்சிய இங்கன திருப்புங்க. தொழுதுட்டு வாராவ.”

வெளியே வந்த பெரியவர் இரு குழந்தைகள் மீதும் ஒரே மூச்சில் ஊதினார்.

வீடு சேருமுன்பே பேத்தி உறங்கிவிட்டாள். இப்போதுதான் செயலாளர் அழைத்தார்: பேரன் பால் குடித்துவிட்டானாம். எனக்கும் மூச்சு வந்தது.

என் பதிலை அழித்துவிட்டேன். அவருடைய அறிவிப்பு மட்டும் குழுவில் அப்படியே இருக்கிறது. அவராக நீக்கும்வரை பொறுப்பதா, நினைவூட்டுவதா? நீங்களே சொல்லுங்கள்.