மெல்பர்னில் ஒரு ‘மாமா’

“மெல்பர்னுக்குப் பிளேன்ல ஒண்டரை மணித்தியாலம். பதினொரு மணித்தியாலம் ரயில்ல போக விசரோ?” என்று நாங்கள் இருக்கும் நார்த்மீட்டில் கேட்காத ஆளில்லை. போன ஈஸ்டர் விடுமுறையில் என் மகள் ஆரணிதான் ரயில் வேண்டுமென்று அடம்பிடித்தாள். பார்க்கப் போவது டாக்டர் ராட்மிலாவை. ஸ்ட்ரோக் வந்து அவர் பேச்சு நின்றுவிட்டதாம். தன்னை அடையாளம் தெரியுமோ என்ற பயம் அவளுக்கு.

டாக்டர் பெல்கிரேடில் குழந்தைகள் மனநல மருத்துவர். எங்களைப் போலவே போருக்குத் தப்பி வந்தவர். முதியோர் இல்லக் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டே சோதனைகளை மறுபடி எழுதி, பிறகு எங்கள் பரமட்டாப் பக்கத்துப் பிள்ளைகளை இருபது வருடம் பார்த்தார். ஓய்வுபெற்றதும் மெல்பர்னில் மகளோடு இருக்கப் போய்விட்டார்.

ஐந்து வயதில் ஆரணி வீட்டில் வாயாடி, பள்ளியில் ஊமை. டாக்டர் அவளைப் பேசச் சொல்லவே இல்லை. தரையில் உட்கார்ந்து விளையாட்டு மாவு உருட்டுவார். மாதக்கணக்கில் உருட்டல்தான், எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒருநாள் ஆங்கிலத்தில், “என் மாமா நல்லா ரொட்டி சுடுவா, அவதான் என்னைப் பெத்தவ” என்றார். செர்பிய மொழியில் மாமா என்றால் அம்மா. ஆரணிக்குப் பொறுக்கவில்லை. “மாமா எண்டா ஆம்பிளை!” என்று தமிழில் கத்தினாள். மொழிபெயர்த்துச் சொன்னேன். டாக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

காலை ரயிலைச் சென்ட்ரல் ஸ்டேஷனில் பிடித்தால் இருட்டும்போது மெல்பர்ன். மறுநாள் மெட்ரோவில் அரை மணி நேரம், செயின்ட் ஆல்பன்ஸ். டாக்டரின் மகள் வெஸ்னா கதவைத் திறந்து, “அம்மா யாரோடும் பேசுவதில்லை, மனம் நோகாதீர்கள்” என்றார்.

டாக்டர் கதிரையில் இருந்தார், எங்களைப் பார்த்தும் முகத்தில் ஒன்றுமில்லை. நான் நலம் விசாரிக்கத் தொடங்க, ஆரணி என் கையை அமத்தினாள். தரையில் உட்கார்ந்து பையிலிருந்து விளையாட்டு மாவை எடுத்தாள். ஒன்றும் கேட்காமல் உருட்டினாள். தேத்தண்ணி ஆறிப்போனது. கடைசியில் டாக்டரும் கை நீட்டி ஒரு துண்டு வாங்கினார்.

“மா... மா” என்றார். தன்னைத்தான் தாயென்று நினைத்துக் கூப்பிடுகிறாரோ என்று வெஸ்னா எழுந்து வந்தார்.

“மாமா எண்டா ஆம்பிளை, டாக்டர்,” என்றாள் ஆரணி மெதுவாக.

டாக்டர் சிரித்தார். அதே சிரிப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

போகிறவர்களுக்கு: ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள், புட்டுப் பார்சல் கட்டுங்கள். பேச முடியாத ஒருவரைப் பார்க்கப் போனால் கேள்விகளை வீட்டில் வைத்துவிட்டு, கொஞ்சம் விளையாட்டு மாவு கொண்டுபோங்கள்.