இருக்கறயா, புள்ள?

போன வாரம் பத்திரிகை ஆபீஸிலிருந்து போன். பத்தி ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கத்தான்... வேறு எதற்குக் கூப்பிடப் போகிறார்கள்? என்ன சாக்குச் சொல்லலாம் என்று யோசித்தபடி பேசாமல் இருந்தேன்.

"மேடம்... இருக்கீங்களா?" என்றார் உதவி ஆசிரியர்.

லைனில் இருக்கிறேனா என்றுதான் கேட்டார். எனக்கோ பழைய குரல் ஒன்று கேட்டது.

ஐம்பதுகளின் தொடக்கம். சேலத்தில் ஆசிரியைப் பயிற்சி. கன்னியாஸ்திரீகள் நடத்திய ஹாஸ்டல். நான் டவுனில் வளர்ந்த கத்தோலிக்கப் பெண். பக்கத்துப் பாய்க்காரி பாவாயி, எடப்பாடிப் பக்கம் ஒரு விவசாயி மகள். நான் ஜெபமாலை சொல்லி முடிக்கும்வரை விளக்கை அணைக்காமல் காத்திருப்பாள். அப்படித் தொடங்கிய சிநேகம்.

எனக்குப் பெரியம்மை கண்டது. வீட்டில் கைக்குழந்தை இருந்ததால் அங்கே போக வழியில்லை. ஹாஸ்டல் பின்கட்டில் ஒரு தனி அறையில் படுக்கவைத்து, ஜன்னலையும் சாத்திவிட்டார்கள். அம்மை கண்டு பிழைத்த ஓர் ஆயா மட்டும் கஞ்சி கொண்டுவருவார். இமைகள் ஒட்டிக்கொண்டன. பகலா, இரவா? தெரியாது.

சாத்திய ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல் வரும்.

"இருக்கறயா, புள்ள?"

"இருக்கறேன்."

அவ்வளவுதான். அந்தக் குரல் வந்தால் விடிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒருநாள் ஹாஸ்டல் தலைவி மதர், பாவாயியைப் பிடித்துவிட்டார். "இங்கே வரக்கூடாதுன்னு சொன்னேனா, இல்லையா?"

"ஏனுங்க மதர், நான் உள்ள போகலீங்களே. இருக்கறாளான்னு கேட்டுப்போட்டுப் போயர்றனுங்க."

மதர் அதன்பிறகு தடுக்கவில்லை.

பிறகு ஒரு காலை... தொண்டையெல்லாம் கொப்புளம். குரல் எழும்பவில்லை. பாவாயி கேட்டாள். மறுபடி கேட்டாள். அடுத்த தடவை அவள் குரல் உடைந்தது. நான் கையால் துழாவி, ஸ்டூலில் இருந்த டம்ளரைத் தட்டிவிட்டேன். 'டங்'கென்று விழுந்தது.

வெளியே ஓவென்று அழுகை. உடனே திட்டு: "வாயத் தொறந்து சொன்னா கொறஞ்சா போயிருவ?"

நினைக்க நினைக்க இன்றும் மலைப்புதான். அங்கே இருக்கிறாயா என்றும் கேட்கலாம், உயிரோடு இருக்கிறாயா என்றும் கேட்கலாம் — நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்! என்னிடம் அவள் இரண்டையும் சேர்த்தே கேட்டாள். பதில் சொல்வதற்காகவே நான் பிழைத்தேனோ?

அறுபதுகளின் நடுவில் அந்தச் செய்தி வந்தது. லாரி ஓட்டிக்கொண்டிருந்த பாவாயியின் கணவர் விபத்தில் போய்விட்டார். எடப்பாடிக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஆறுதல் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனேன். டீச்சர் அல்லவா!

வாசலில் அவள் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு நாளா கதவச் சாத்திட்டுக் கெடக்கறா, சாமி. ஆரு கூப்பிட்டாலும் பேச்சில்ல. பச்சத் தண்ணி குடிக்கல."

மூடிய கதவின் முன் போய் நின்றேன். கோத்து வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை.

"இருக்கறயா, புள்ள?"

மறுபடி கேட்டேன். பிறகு, கரகரவென்று...

"இருக்கறேன்."

தாழ்ப்பாள் விலகியது. வீங்கிய முகத்தோடு நின்றவள், புழுதி படிந்த என் புடவையை மேலும் கீழும் பார்த்தாள்.

"பஸ்ஸுலயா வந்த? ஏதாச்சும் சாப்புட்டயா?"

சாவு விழுந்த வீட்டில், இரண்டு நாள் பட்டினி கிடந்தவள், என்னைக் கேட்கிறாள்!

எடப்பாடியில் இறங்கியதுமே டிபன் முடித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனாலும், "இல்ல புள்ள, பசிக்குது" என்றேன்.

ஆண்டவர் மன்னிப்பார். அன்று பாவாயி சாப்பிட்டாள்.