என் நம்பரில் இருந்த கதை

அன்று இருந்தவர்கள் நான்கு பேர்.

டீச்சர். வீடு அவருடையது. மயிலாப்பூரில், மாதா கோயிலுக்குப் பின் தெரு, இரண்டாவது மாடி. பள்ளியில் கணக்கு எடுத்தவர். தொண்டையில் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மடியில் கோடு போட்ட நோட்டு, பேனா.

பாய். தி.நகரில் லேஸ், பட்டன், ஜரிகை விற்கிறவர். லேப்டாப் அவருடையது.

மாமி. வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். படிக்க ஒரு கண்ணாடி, பார்க்க ஒரு கண்ணாடி.

நான். அடையாறில், எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி காயில் கட்டும் கடை. எட்டாவது வரை படித்தேன்.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு விளையாட்டு ஆடுவோம். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாக அதற்குள் இருப்போம். சண்டை வந்தால் பகடை போட்டுப் பார்ப்போம். ஊரடங்கில் ஆரம்பித்ததால் எல்லாம் இணையத்தில். அதற்கென்று ஒரு தளம் இருக்கிறது. அதில் எங்களுக்கு ஒரு பக்கம். வரைபடம், ஆள் படங்கள், கதை எழுத்து எல்லாம் அந்தப் பக்கத்தில்.

டீச்சர் வீட்டு மோட்டார் எரிந்தபோது கட்டிக் கொடுக்கப் போனேன். ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைகிறது என்றார். சேர்ந்தேன். கதையில் நான் பாலம் காக்கிறவன். கதை சொல்வது டீச்சர்.

அந்தத் தளம் ஒரு போன் நம்பருக்கு ஒரு மாதம் இலவசம் தரும். பாய் நம்பரில் ஒரு மாதம் ஆடினோம். மாமி நம்பரில் ஒரு மாதம். டீச்சர் நம்பரில் ஒரு மாதம். நாலாவது மாதம் பக்கம் என் நம்பருக்கு வந்தது. அப்போதுதான் கதை சூடு பிடித்தது. விட மனமில்லாமல் மாமி தன் கார்டில் பணம் கட்டத் தொடங்கினார். நம்பரை யாரும் மாற்றவில்லை. ஐந்து வருஷமாக அந்தக் கதைக்குச் சொந்தக்காரன் நான். எனக்கே தெரியாது.

டீச்சரால் இனி மணிக்கணக்கில் பேச முடியாது. பாய் சொல்லட்டும் என்று முடிவானது. பக்கத்தை அவர் கணக்குக்கு மாற்ற வேண்டும். அதே வாரம் தளத்திலிருந்து என் பேருக்குக் கடிதம் வந்தது. எங்கள் பக்கத்தில் இருக்கும் ராணி படம் தன்னுடையது என்று அதை வரைந்தவர் புகார் செய்திருக்கிறார். பக்கத்தைப் பூட்டிவிட்டார்கள். எழுத்து திறக்காது. படங்களை அழிக்க மட்டும் முடியும். நமக்கு உரிமை இல்லாததை எல்லாம் அழித்து, நான் உறுதிமொழிக்கு டிக் அடித்தால் திறப்பார்கள். இல்லாவிட்டால் திங்கட்கிழமை முழுதும் போய்விடும்.

டீச்சர் ஐந்து வருஷம் எழுதியது அங்கேதான் இருந்தது. வேறு நகல் இல்லை. ஞாயிறன்று அவர் வீட்டில் கூடினோம்.

"டிக் அடி நைனா, போலாம்" என்றார் பாய். "யாரு வந்து பாக்கப் போறா?"

"இன்னா எழுதிகீது அதுல?" என்றேன்.

மாமி கண்ணாடியை மாற்றினார். "இங்க இருக்கற படமெல்லாம் என்னோடது, இல்லேன்னா உரிமை வாங்கிண்டு போட்டதுன்னு நீங்க சொல்றேள். பொய்யா இருந்தா பொறுப்பு உங்களோடது."

"என்னோடது இல்லியே."

"அது ஊருக்கே தெரியும். சும்மா ஒரு டிக்."

"அடிக்க மாட்டேன் பாய்."

"எட்டாங்கிளாஸ் சட்டம் பேசுது பாருங்க மாமி. ஏன் நைனா, பழைய கம்பிய புதுசுன்னு சொல்லி நீ கட்டினதே இல்லியா?"

"இல்ல."

"பாங்க்ல முப்பது வருஷம் டிக் அடிச்சவ நான்" என்றார் மாமி. "அடிச்சா அடிச்சதுதான். ஒவ்வொண்ணா பாக்கலாம்."

பார்த்தோம். ராணி படத்தை டீச்சர் கூகுளில் எடுத்திருந்தார். லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பார்த்தார். அவரே அழித்தார்.

கூகுளில் எடுத்த மற்றவையும் போயின. குதிரை, கோட்டை, மூன்று பூதம்.

அடுத்து, தளத்திலேயே என் கணக்கில் விலைக்கு வாங்கிய விளையாட்டுப் புத்தகத்தின் படங்கள். பணம் மாமி கார்டில்.

"இது காசு குடுத்தது. எனக்குக் குடுக்கலாம்" என்றார் பாய்.

மாமி படித்துப் பார்த்தார். "வாங்கின கணக்குலதான் வெச்சுக்கலாம். இன்னொருத்தர் கணக்குக்கு மாத்தப்படாதுன்னு போட்டிருக்கு."

"சட்ட எட்த்தா தம்பிக்குக் குடுக்கறோம். புக்கு எட்த்தா குடுக்கக் கூடாதா?"

"ஆத்துல அலமாரில இருக்கற புஸ்தகம்னா குடுக்கலாம். இது பாத்துக்கோன்னு குடுத்த அனுமதி. அவ்வளவுதான்."

அவையும் போயின.

பாய் போட்டவை தப்பின. எதிரிப் படை முழுக்கக் கோட்டு பட்டன். கொடிகள் எல்லாம் லேஸ். கடை மேசையில் வைத்து அவரே எடுத்த போட்டோ.

நான் வரைந்தவை இருந்தன. பாலம், சந்தை, கிணறு. காயில் சுற்றுக்குப் படம் போட்டுப் பழகிய கை. பென்சிலில் வரைந்து போட்டோ எடுத்து அனுப்புவேன். கடைசியில் துறைமுகத்தின் வரைபடம் வந்தது. எல்லோருக்கும் பிடித்த படம்.

"இது ஒண்ணு இருந்தா போதும் நைனா. இத வெச்சே நான் ரெண்டு வருசம் ஓட்டுவேன்" என்றார் பாய்.

"அது என்னோடது இல்ல."

"நீதான வரஞ்ச?"

"அந்த விளையாட்டு புக்குல இருந்தது. போன்ல அந்தப் படத்த வெச்சி, மேல பேப்பர் போட்டு இழுத்தேன். ஊரு பேரு மட்டும் மாத்தினேன்."

 அந்தப் படத்துக்காக நான்கு வருஷம் பாராட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு நாளும் மறுத்துச் சொன்னதில்லை.

"பாத்து வரைஞ்சேளா, அப்படியே அச்சா?" என்று மாமி கேட்டார்.

"அச்சு."

டீச்சர் நோட்டில் எழுதி என் பக்கம் திருப்பினார். 'தெரியும். கரைக்கோடு அப்படியே இருந்தது.'

"தெரிஞ்சுமா சொல்லல?"

கீழே எழுதினார். 'அடுத்த படம் நீங்களே வரைஞ்சீங்க.'

துறைமுகத்தை அழித்தேன்.

எழுத்து டீச்சருடையது, கணக்கு என்னுடையது, போகிற இடம் பாய். டீச்சர் கையால் ஒரு வரியாவது வேண்டும் என்று மாமி பிடிவாதமாக இருந்தார். டீச்சர் எழுதினார். 'இந்தக் கதை நான் எழுதியது. பாய் இதைச் சொல்லலாம். மேலே எழுதலாம். விற்கக் கூடாது.'

"இன்னா டீச்சர், நான் விப்பனா?"

டீச்சர் அதே தாளின் ஓரத்தில் எழுதினார். 'ஜரிகையை முழம் போட்டு விக்கிறவர்தானே.'

மாமி சிரித்தார். பாயும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நானும் மாமியும் சாட்சி.

பிறகு டிக் அடித்தேன். என் போனுக்கு ஓடிபி வந்தது. பாய் கேட்டார், சொன்னேன். பூட்டுத் திறக்க அரை மணி நேரம் ஆனது. பக்கம் பாய் பேரில் வந்தது. டீச்சர் முதல் வாரம் எழுதியதிலிருந்து கடைசி வாரம் வரை உருட்டிப் பார்த்தார். எல்லாம் இருந்தது. நோட்டை மூடி வைத்தார்.

அடுத்த ஞாயிறு ஆட்டம் உண்டா என்று கேட்டேன். பாய் உண்டு என்றார். கையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று படங்களை எண்ணினார். மாமி ஒரு தடவை சரிபார்த்தார்.

பதினேழு.